மலையில் தொங்கும் வாய்க்கால்

சுவிசில் இருப்பவர்கள் பணப்பையைத் திறந்து, நீல நிற நூறு பிராங் தாள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். (இல்லாவிட்டால் அம்மாவிடம் கேளுங்கள். திருப்பிக் கொடுக்க மறக்க வேண்டாம்.) 2019 செப்டெம்பரில் வெளியான தாள் அது. ஒரு பக்கத்தில் இரண்டு கைகள் குவிந்து தண்ணீரை ஏந்தியிருக்கும். மறுபக்கத்தில் செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டு போகும் ஒரு மரவாய்க்கால் இருக்கும். வலே மாநிலத்தில் அயான் என்ற ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோன வாய்க்கால் அது. வெட்டிய ஆண்டு 1442.

தன் பணத்தாளில் எதைப் போடலாம் என்று ஒரு நாடு யோசிக்கும்போது கோட்டை, அரசன், போர் என்றெல்லாம் போகாமல் ஒரு வாய்க்காலைப் போட்டிருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. அதன் கதையைத்தான் இங்கே எழுதப்போகிறேன். நடுவில் ஓரிடத்தில் அந்தக் கதை நம்மையும் கேள்வி கேட்கும்.

டொச் மொழியில் வாலிஸ், பிரெஞ்சில் வலே. நாட்டின் தென்மேற்கில், ரோன் ஆறு ஓடும் நீண்ட பள்ளத்தாக்கு. வடக்கே பேர்ண் பக்கத்து அல்ப்ஸ், தெற்கே இத்தாலி எல்லையில் நாலாயிரம் மீற்றரைத் தாண்டிய சிகரங்கள். மேட்டர்ஹோர்ன் நிற்பதும் இந்தத் தெற்கு வரிசையில்தான். எந்தத் திசையிலிருந்து மழைமேகம் வந்தாலும் முதலில் இந்தச் சுவர்களில் மோதி அங்கேயே கொட்டிவிடும். உள்ளே வருவது மிச்சம்தான். சியோன், விஸ்ப் போன்ற பள்ளத்தாக்கு நகரங்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீற்றர் மழை. ‘காய்ந்த பூமி’ என்று நம் பெரியவர்கள் சொல்லும் யாழ்ப்பாணத்தில் 1,200க்கு மேல் பெய்கிறது. அதாவது பனிமலைகளின் நடுவில் இருக்கும் ஊர், நம் ஊரில் பெய்வதில் பாதியை வைத்துக்கொண்டு விவசாயம் செய்தது.

தண்ணீர் இல்லாமலில்லை. தலைக்கு மேலே பனியாறாக உறைந்து கிடக்கிறது. கோடையில் உருகி ஆழமான பிளவுகள் வழியே சீறிக்கொண்டு இறங்கி ரோன் ஆற்றில் கலந்துவிடும். ஊர்களும் புல்வெளிகளும் இருப்பது பக்கத்துச் சரிவுகளில். கண்ணுக்குத் தெரியும் தண்ணீர் கைக்கு எட்டாது. அதற்காகப் பனியாற்றின் அடியிலிருந்தே ஓடையைப் பிடித்து, மலையின் இடுப்பைச் சுற்றிக் கோடு இழுத்ததுபோல வாய்க்கால் வெட்டினார்கள். டொச் பேசும் பக்கத்தில் அதற்குச் சுவோன என்று பெயர். பிரெஞ்சு பேசும் பக்கத்தில் பிஸ்.

இதில் கஷ்டம் எங்கே என்பதைப் பொறியியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சரிவு கூடினால் தண்ணீர் கரையை அரித்துவிடும். குறைந்தால் மண் படிந்து அடைத்துவிடும். ஆகவே பல கிலோமீற்றர் தூரத்துக்கு மிகச் சிறிய, ஒரே சீரான சரிவு வேண்டும். ஆனால் மலைக்கு உங்கள் கோட்டைப் பற்றி அக்கறை கிடையாது. நடுவில் நூறு மீற்றர் செங்குத்துப் பாறை வந்து நிற்கும். அந்த இடத்தில் மேலிருந்து கயிற்றில் ஆட்களை இறக்கினார்கள். தொங்கியபடியே பாறையில் துளை குடைந்து, துளைக்குள் மரக்கட்டையை அறைந்து, வரிசையாக நீட்டி நிற்கும் கட்டைகளின்மேல் குடைந்த மரத்தொட்டிகளை வைத்தார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் ஒற்றைப் பலகை. காவல்காரன் நடப்பதற்கு அதுதான் பாதை. இதற்குச் சம்பளப் பட்டியலும் காப்புறுதியும் எதிர்பார்க்காதீர்கள். தண்ணீர் வேண்டுமென்ற குடும்பங்களே ஆள் அனுப்பின.

விஸ்பிலிருந்து அதிக தூரமில்லாத அவுசர்பெர்க்கில் ‘நீவெர்க்’ என்றொரு சுவோன இருக்கிறது. பெயரின் பொருள் ‘புது வேலை’. வெட்டியது 1381 இல். சியோனுக்கு மேலே சவியேஸ் ஊரின் பெரிய வாய்க்காலுக்குப் பெயர் ‘புது ஓடை’. அது 1430களின் வேலை. அறுநூறு வயதாகியும் இன்னும் ‘புது’தான். புதுக்குடியிருப்பு, புதுக்குளம் என்ற ஊர்ப்பெயர்களோடு வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஏன் பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டுகளில் இத்தனை வாய்க்கால்கள்? கொள்ளைநோய் வந்து போன பிறகு ஆட்கள் குறைந்தார்கள், தானியத்தின் தேவையும் குறைந்தது. அதேவேளை மலைக்கு அந்தப்பக்கம் லொம்பார்டி நகரங்கள் மாட்டையும் பாற்கட்டியையும் கேட்டன. வயலைவிட மாடு லாபம் என்றாகியது. ஆனால் மாட்டுக்குக் குளிர்காலத்தில் தீனி வேண்டும். தீனிக்கு உலர்புல், உலர்புல்லுக்குப் புல்வெளி, புல்வெளிக்குத் தண்ணீர். மிலானில் ஒருவர் இறைச்சி சாப்பிட விரும்பியதற்காக வலேயில் ஒருவர் கயிற்றில் தொங்கினார். உலகமயமாக்கல் நேற்றுத்தான் வந்தது என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

வெட்டினால் மட்டும் போதாது, காக்கவும் வேண்டும். பனிச்சரிவு தொட்டியை அடித்துக்கொண்டு போகும், கல் விழும், இலை அடைக்கும். வாய்க்காலில் ஒரு சின்னத் தண்ணீர்ச் சக்கரத்தை வைத்து, அது சுற்றும்போது ஒரு மரச்சுத்தியல் பலகையில் அடிக்கும்படி செய்தார்கள். டொக், டொக், டொக். ராத்திரி முழுக்க அந்தச் சத்தம் கேட்கும்வரை காவல்காரன் தூங்கலாம். சத்தம் நின்றால் தண்ணீர் நின்றுவிட்டது என்று பொருள். விளக்கை எடுத்துக்கொண்டு அந்த ஒற்றைப் பலகையில் நடக்க வேண்டியதுதான். நான் வேலை செய்யும் துறையில் சேர்வர் உயிரோடிருக்கிறதா என்று பார்ப்பதற்குச் செய்யும் ஏற்பாடும் அடிப்படையில் இதேதான். எங்களுக்கு அலாரம் அடித்தால் எழுந்திருக்க வேண்டும், அவர்களுக்குச் சத்தம் நின்றால்.

பாறையில் தொட்டி உடைந்தால் யார் போவது? 1898 இல் யாகோப் கிறிஸ்டோப் ஹேர் எழுதிய ‘புனித நீர்களில்’ என்ற டொச் நாவலின் கதையே இதுதான். சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். சீட்டு விழுந்தவன் மலையில் ஏற வேண்டும். இருமுறை படமாகவும் வந்தது. கதை கற்பனை என்றாலும் அதன் பயம் உண்மையானது.

இனி டோர்பெல் என்ற ஊருக்குப் போவோம். விஸ்பிலிருந்து செர்மாட் போகும் பள்ளத்தாக்கில், 1,500 மீற்றர் உயரத்தில், வெயில் காயும் சரிவில் இருக்கிறது. ஐந்நூறு பேர் அளவில் வாழும் சின்ன ஊர். ரொபர்ட் நெட்டிங் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1970களில் அங்கே தங்கி ஆராய்ந்தார். ஊரில் நிலப் பத்திரங்கள் 1224 இலிருந்து இருந்தன. யார் எந்தப் புல்வெளியை யாருக்கு விற்றார் என்பதை ஏழு நூற்றாண்டுகளுக்குத் தொடரலாம்.

அவர் பிடிக்க முயன்ற விடயங்களில் ஒன்று தண்ணீர் முறை. வாய்க்கால் நீரை நாள், மணி என்று பங்கு போட்டு, சுற்று முடிந்ததும் மறுபடி முதலாம் ஆளிலிருந்து தொடங்குவார்கள். வலேயின் பல ஊர்களில் இந்தக் கணக்கைத் தெஸ்ஸல் என்ற மரக்குச்சிகளில் வைத்திருந்தார்கள். குச்சியில் வீட்டின் அடையாளக் குறி, அதன் பக்கத்தில் எத்தனை மணி என்பதற்கு வெட்டுகள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும், பொய் சொல்லவும் கடினம். நெட்டிங் டோர்பெலில் ஒவ்வொருவராகக் கேட்டார். ஒவ்வொருவருக்கும் தன் முறை எப்போது, தனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்று துல்லியமாகத் தெரியும். முழு ஊரின் அட்டவணை மட்டும் எவருக்கும் தெரியாது. ஆனாலும் தண்ணீர் பிசகாமல் ஓடியது. அதைப் பற்றிய கட்டுரைக்கு அவர் ‘யாருக்கும் தெரியாத அமைப்பு’ என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். எந்த ஆவணமும் இல்லாமல் இருபது வருடமாக ஓடும் மென்பொருள்களோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் அந்தத் தலைப்புக்கு நான் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறேன். வித்தியாசம் என்னவென்றால், டோர்பெலில் ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஐந்து நிமிடம் கூட எடுத்தால், மடையருகே காத்து நிற்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு உடனே தெரியும். மேலதிகாரி தேவைப்படவில்லை.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது 1517 ஆம் ஆண்டு விதி. மேலே மலையில் ஊருக்குப் பொதுவான கோடை மேய்ச்சல் நிலம் உண்டு. ஒவ்வொருவரும் ஆசைப்பட்டபடி மாடுகளை ஏற்றினால் புல் அழிந்துவிடும். அதனால் ஒரு விதி போட்டார்கள். குளிர்காலத்தில் உன் தொழுவத்தில் எத்தனை மாட்டைத் தீனி போட்டுக் காப்பாற்ற முடியுமோ, அதற்குமேல் ஒன்றைக்கூட மேலே அனுப்பக் கூடாது. அவ்வளவுதான். கோடைக்கு வெளியூரில் மாடு வாங்கி, பொதுப்புல்லில் கொழுக்க வைத்து விற்கும் வேலை நடக்காது. குளிர்காலத்து மாடுகள் உன் உலர்புல்லின் அளவு, உலர்புல் உன் புல்வெளியின் அளவு, புல்வெளி உன் வாய்க்கால் பங்கின் அளவு. ஒரு விதி முழு மலையையும் ஒன்றோடொன்று கட்டிவிட்டது. மீறினால் தண்டம் போட ஊர் அதிகாரி ஒருவர் இருந்தார். தண்டப் பணத்தில் பாதி அவருக்கே. ஆகவே அவர் கண்ணை மூடிக்கொண்டிருக்க மாட்டார்.

விறகு பிரிப்பதும் இப்படித்தான். குடும்பங்கள் சேர்ந்து மரம் வெட்டி, இறக்கி, சமமான குவியல்களாக அடுக்குவார்கள். அதன் பிறகுதான் எந்தக் குவியல் யாருக்கு என்று சீட்டுப் போடுவார்கள். எது தனக்கு வரும் என்று தெரியாதவன் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் அடுக்குவான். வீட்டில் கேக் வெட்டுகிறவர் கடைசித் துண்டை எடுக்க வேண்டும் என்று எங்கள் அம்மா வைத்திருந்த சட்டமும் இதுவே.

1968 இல் கரெட் ஹார்டின் என்ற அமெரிக்க விஞ்ஞானி, பொதுச் சொத்து என்றால் மனிதர்கள் அதை அழித்தே தீருவார்கள் என்று எழுதிய கட்டுரை மிகப் பிரபலமானது. ஒன்றில் அரசாங்கம் எடுக்க வேண்டும், அல்லது தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று பலரும் நம்பினார்கள். அதை மறுத்தவர் எலினோர் ஒஸ்ட்ரோம். 1990 இல் வந்த அவரது நூலில், தாமே விதி செய்து பொதுச்சொத்தைக் காத்த மக்களுக்கு எடுத்துக்காட்டாக முதலில் வருவது டோர்பெல். 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர்தான். அதே நூலில் இலங்கையின் நீர்ப்பாசனத் திட்டங்களும் வருகின்றன, கல்லோயா உட்பட. 1956 இல் தமிழர்கள் கொல்லப்பட்ட இடமாக நமக்குத் தெரிந்த அதே கல்லோயா. 1980களில் அங்கே மேல்வாய்க்காலில் சிங்கள விவசாயிகளும் கடைவாய்க்காலில் தமிழ் விவசாயிகளும் சங்கங்கள் அமைத்துத் தண்ணீரைப் பங்கிட்டதும் நம் வரலாற்றின் ஒரு பக்கம். எங்கள் வீடுகளில் அது அதிகம் பேசப்படுவதில்லை.

இதுவரை அழகான கதை. பல சுற்றுலாப் புத்தகங்கள் இதோடு நிறுத்திவிடும். டோர்பெல்லின் இன்னொரு பத்திரத்தை அவை காட்டுவதில்லை.

1483 பெப்ரவரி 1. ஊரார் கூடிக் கையெழுத்து வைத்த ஆவணம் அது. மேய்ச்சல் நிலம், காடு, தரிசு ஆகியவற்றைக் காக்கச் சங்கம் அமைக்கிறார்கள். அதில் ஒரு விதி, ‘ஃப்ரெம்டே’ பற்றியது. அந்நியன். அந்நியன் ஒருவன் டோர்பெலில் நிலம் வாங்கினாலும், குடியிருந்தாலும், பொது மேய்ச்சலிலோ காட்டிலோ அவனுக்கு எந்த உரிமையும் கிடையாது. மரம் வெட்டவும் முடியாது. அவனை உள்ளே எடுப்பதா இல்லையா என்பதை ஊரார்தான் தீர்மானிப்பார்கள்.

நான் அந்தப் பத்தியை முதலில் வாசித்தபோது கொஞ்சநேரம் அப்படியே இருந்துவிட்டேன். ‘ஃப்ரெம்டே’ என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே எந்தக் குரலில் கேட்டோம் என்று உங்களில் பலருக்குத் தெரியும். நான் மெச்சிக்கொண்டிருந்த விதிகளும் இந்த விதியும் ஒரே கைகள் எழுதியவை. அதோடு, பொறியியலாளனாக யோசித்தால் இந்த விதி ஏன் என்றும் புரிகிறது. குவளையில் இருக்கும் தண்ணீர் அளவானது. குடிக்கிறவர்களின் எண்ணிக்கைக்கு எல்லை போடாமல் பங்கிட முடியாது. ஒஸ்ட்ரோம் தன் நூலில் நீடித்து நிலைக்கும் அமைப்புகளின் குணங்களைச் சொல்லும்போது முதலாவதாகச் சொல்வது, யார் உள்ளே யார் வெளியே என்பது தெளிவாக இருக்க வேண்டும் என்பதைத்தான். புரிகிறது என்பதற்காக வலிக்காமல் இருக்காது.

அவர்களை மட்டும் குறை சொல்ல முடியுமா? வாய்க்காலைச் சேர்ந்து வைத்திருப்பவர்களை மேல் வாலிஸில் ‘கெடைலன்’ என்பார்கள். பங்கு உள்ளவர்கள், நம் மொழியில் பங்காளிகள். நமக்கு அந்தச் சொல் தண்ணீரிலும் நிலத்திலும் பங்கு உள்ளவரையும் குறிக்கும், தகப்பன் வழி உறவையும் குறிக்கும். (சண்டை பிடிப்பவரையும் குறிக்கும் என்று எங்கள் அப்பா சேர்த்துக்கொள்வார்.) ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் கிணறுதான் வாய்க்கால். காணி உறுதிகளில் பார்த்தால், நிலத்தின் அளவோடு கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு, வழி வாய்க்கால் உரிமை என்றெல்லாம் எழுதியிருக்கும். தோட்டத்துக்கு இறைப்பதற்கு இன்னார் இன்ன நாள் என்று முறை உண்டு. 1707 இல் டச்சுக்காரர் தொகுத்து எழுதிய தேசவழமைச் சட்டத்திலும் பங்காளியின் முன்னுரிமை இருக்கிறது. காணியை வெளியாளுக்கு விற்குமுன் உரிமைக்காரருக்கும் பங்குக்காரருக்கும் சொல்ல வேண்டும்.

அதைவிடக் கசப்பான ஒன்றும் உண்டு. டோர்பெல்காரர் வெளியிலிருந்து வந்தவனைத் தள்ளி வைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் அதே ஊரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களையே, சாதியைச் சொல்லி, கிணற்றில் அள்ள விடவில்லை. வேறொருவர் அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நின்றார்கள். இது மிகப் பழைய கதையும் அல்ல, எங்கள் பாட்டன் பாட்டிமாரின் காலத்துக் கதை. கே. டானியலின் ‘தண்ணீர்’ நாவல் பேசுவது இதைத்தான். வலேயின் 1483 பத்திரத்தைப் படித்துக் கோபப்படும் உரிமை நமக்கு உண்டு. அந்த நாவலையும் படித்துவிட்டுக் கோபப்படுவது நல்லது.

எல்லை போட்ட ஊரிலிருந்து ஆட்கள் வெளியேறவும் வேண்டியிருந்தது. மாடு அளவானது என்றால் பிள்ளைகளும் அளவாகத்தான் இருக்க முடியும். டோர்பெலில் பலர் பிந்திக் கல்யாணம் செய்தார்கள், பலர் செய்யவேயில்லை, மிச்சப்பேர் புறப்பட்டுப் போனார்கள். அதற்கு முன்பே, பன்னிரண்டாம் பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் மேல் வாலிஸிலிருந்து மலை தாண்டிப் போனவர்களை வால்சர் என்கிறோம். இத்தாலி, கிராவ்புண்டன், இன்றைய ஒஸ்ரியா வரை பரவினார்கள். இத்தாலிய மொழி பேசும் திசினோ மாநிலத்தில் பொஸ்கோ குரின் என்றொரு மலைக்கிராமம் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வால்சர் குடியேறிய ஊர். மாநிலத்திலேயே டொச் கிளைமொழி பேசும் ஒரே கிராமம் அதுதான். எழுநூறு வருடத்துக்கு மேல், சுற்றிலும் வேறு மொழி. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்கு முனகிக்கொண்டு போன நான் அந்தக் கணக்கைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். பிறகு 1858 இல் ஆர்ஜென்ரீனாவில் சான் ஜெரோனிமோ நோர்ட்டே என்ற ஊரை உண்டாக்கியவர்களும் மேல் வாலிஸ்காரர்களே. அந்நியனைப் பற்றி விதி எழுதியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னொரு கண்டத்தில் அந்நியர்களாக இறங்கினார்கள்.

இப்போது வலேயில் ஏறத்தாழ இருநூறு வாய்க்கால்கள் இன்னும் ஓடுகின்றன. பல இடங்களில் சுரங்கமும் குழாயும் வந்துவிட்டன. சவியேசில் 1935 இல் மலையைக் குடைந்து சுரங்கம் போட்டதும் பாறையில் தொங்கிய பகுதியைக் கைவிட்டார்கள். 2023 டிசம்பரில் யுனெஸ்கோ, ஐரோப்பாவின் ஏழு நாடுகளின் பாரம்பரிய நீர்ப்பாசன அறிவைப் பட்டியலில் சேர்த்தபோது சுவிசும் அதில் இருந்தது. அந்நிய விதியும் உருமாறி இருக்கத்தான் செய்கிறது. வலேயில் காடும் மேய்ச்சலும் பெரும்பாலும் பூர்வீகக் குடிகளின் சபையான ‘புர்கர்கெமைன்ட’விடம். சிவப்புக் கடவுச்சீட்டு எடுத்தால் அந்தச் சபைக்குள் தானாகப் போய்விட முடியாது, தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒன்று மாறிவிட்டது. மாடு வைத்திருப்பவர் குறைந்துவிட்டார்கள், வாய்க்கால் குறையவில்லை. இளவேனிலில் தண்ணீர் விடுமுன் இலை, மண், கல் எல்லாம் வாரிச் சுத்தம் செய்ய வேண்டும். முன்பு பங்குள்ள ஒவ்வொரு வீடும் ஆள் அனுப்பும். நம் குடிமராமத்துப் போல. அங்கே ‘கெமைன்வெர்க்’, பொதுவேலை. இன்று பல ஊர்களில் வெளியாட்களையும் கூப்பிடுகிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் நானும் ஒரு ஊருக்குப் போனேன். மண்வெட்டி பிடிக்கத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, வாய்க்கால் காவலரான கிழவர் என்னிடம் கேட்டார், ‘வேம் கெயோர்ஷ்?’ மலைக்கிராமத்துப் பெரியவர்கள் தெரியாத இளைஞனிடம் கேட்கும் கேள்வி. நீ யாருக்குச் சொந்தம், யாருடைய பிள்ளை. எங்கள் அப்பப்பா வீதியில் போகிற பொடியனை மறித்து ‘நீர் ஆற்றை பிள்ளை?’ என்று கேட்பாராம், சொல்லுக்குச் சொல் அதேதான்.

ஊர்ப்பெயர் சொல்வதா, பேர்ணில் இருக்கிறேன் என்பதா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, அப்பாவின் பெயரையே சொன்னேன். அவர் அந்தப் பெயரை ஒருமுறை தப்பாகவும் ஒருமுறை கிட்டத்தட்டச் சரியாகவும் சொல்லிப் பார்த்தார். பிறகு தன் பகுதியிலிருந்து அடுத்த மடை வரைக்கும் என்னிடம் விட்டார். இருநூறு மீற்றர் இருக்கும். மத்தியானம் மேலே பலகையைத் தூக்கித் தண்ணீரை விட்டபோது அது ஓடி வரவில்லை. காய்ந்த இலைகளைத் தள்ளிக்கொண்டு, மண்ணைக் குடித்துக்கொண்டு, மனிதர் நடக்கும் வேகத்தில் வந்தது. நாங்கள் பக்கத்தில் நடந்தோம். என் இருநூறு மீற்றரில் அது ஓரிடத்தில் தயங்கியது. கிழவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து இன்னும் ஒரு கல்லை எடுத்தேன், போய்விட்டது.

2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தம் பனியில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. கோடைத் தண்ணீர் இன்னும் எத்தனை காலம் வரும், பங்கை யார் எப்படிக் குறைத்துக்கொள்வது என்று அங்கே இப்போதே பேசுகிறார்கள்.

போய்ப் பார்க்க விரும்பினால் அவுசர்பெர்க்குக்கு ரயில் இருக்கிறது. நீவெர்க் பாதை சில இடங்களில் ஒரு அடி அகலம்தான். தலைசுற்றல் உள்ளவர்கள் அங்கே போக வேண்டாம். அயானில் 2012 இல் திறந்த வாய்க்கால் அருங்காட்சியகம் உண்டு, மழை நாளுக்கு அது போதும். பொதுவேலைக்குப் போவதென்றால் இளவேனிலின் தொடக்கத்திலேயே ஊர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கையுறையை நீங்களே கொண்டு போங்கள். அங்கே தருவது பெரிய கைகளுக்கானவை.